சூலுவுக்குப் புருசன் இருந்தா உங்களுக்கு என்னங்க நட்டம்?

ரொம்ப நாளா மனசுக்குள்ள போட்டு ஒழப்பிக்கிட்டு இருந்த மேட்டர். எழுதலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணிப் பண்ணியே வருசம் ஓடிப்போச்சு. போன வாரம் ஒரு நண்பர் வீட்டுல பழைய ஸ்டார் ட்ரெக் பேச்சு கிளம்பி, மறுபடியும் அதே டயலாக் காதுல விழுந்துச்சு. "எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லீங்க, ஆனா சூலுவை ஏன் கெடுக்கோணும்?" சரி, இன்னிக்கு எழுதிப்புடலாம்னு உக்காந்துட்டேன். நீளமான பதிவு, பொறுமையாப் படிங்க. திட்டறதா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

முதல்ல கதை தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி.

ஸ்டார் ட்ரெக் அமெரிக்காவுல 1966 முதல் 1969 வரைக்கும் ஓடுன டிவி தொடர். மொத்தம் 79 எபிசோடு. எண்பதுகள்ல நம்ம தூர்தர்ஷன்லயும் வந்துச்சு. பக்கத்து வீட்டு டயனோரா டிவி முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, இங்கிலீசு பாதி புரியாம, அந்தக் கப்பலையும் ஸ்பாக்கோட காதையும் வாயப் பொளந்து பாத்த கூட்டத்துல நானும் ஒருத்தன். எங்களுக்கு அதுல ரொம்பப் பிடிச்ச ஆளு சூலு. கப்பலை ஓட்டுறவர். ஏன் பிடிச்சதுன்னா, அந்தக் கப்பல்ல நம்ம பக்கத்து மூஞ்சி அது ஒண்ணுதான். ஆசியாக்காரன் ஒருத்தன் சமையல்காரனாவோ வில்லனாவோ இல்லாம, கப்பலோட சுக்கானைப் புடிச்சு உக்காந்திருக்கறான். அந்த வயசுல அதெல்லாம் வார்த்தையாச் சொல்லத் தெரியாது. ஆனா பிடிச்சுது.

நடிச்சவர் ஜார்ஜ் டகே. 1937ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இரண்டாம் உலகப்போர் நேரத்துல, அமெரிக்காவுலயே பிறந்து வளர்ந்த ஜப்பானிய வம்சாவளி மக்களைக் கூட்டம் கூட்டமா முள்வேலி முகாம்ல அடைச்சாங்க இல்லீங்களா, அதுல சின்னப் பையனா இருந்தவர். 2005 அக்டோபர்ல, தன்னோட 68வது வயசுல, "நான் தன்பாலீர்ப்பாளன்"னு வெளிப்படையாச் சொன்னார். 2008ல தன்னோட நீண்ட நாள் துணைவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்.

இப்ப 2016க்கு வருவோம். புது வரிசைப் படங்கள்ல மூணாவது, 'ஸ்டார் ட்ரெக் பியாண்ட்'. ஜஸ்டின் லின் இயக்கம். சைமன் பெக், டக் ஜங் ரெண்டு பேரும் கதை வசனம். இதுல சூலுவா நடிச்சவர் ஜான் சோ. படம் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஜூலை முதல் வாரத்துல, ஒரு பேட்டியில அவர் சொல்லிட்டார்: இந்தப் படத்துல சூலுவுக்கு ஒரு கணவர் இருக்கார், ஒரு பெண் குழந்தையும் இருக்குன்னு. டகேக்குக் காட்டற மரியாதையாத்தான் எழுதினவங்க இதை வெச்சிருந்தாங்க.

டகே சந்தோசப்படுவார்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. அவர் இது துரதிர்ஷ்டம்னு சொல்லிட்டார். ஜீன் ராடன்பெர்ரி உருவாக்கின பாத்திரத்தை இப்படித் திரிக்கக் கூடாது, தன்பாலீர்ப்புள்ள ஒருத்தர் வேணும்னா புதுசா ஒரு பாத்திரத்தை உருவாக்குங்கன்னார். பெக் மரியாதையா மறுத்துப் பேசினார். புதுசா ஒருத்தரைக் கொண்டாந்தா அவர் 'அந்த ஆளு'ங்கற அடையாளத்தோட மட்டும்தான் நிப்பார், ஏற்கெனவே நாம நேசிக்கற ஒருத்தர்கிட்ட இது இருந்தாத்தான் அது சாதாரணமாத் தெரியும்னார்.

அவ்வளவுதான். உலகம் பூரா ரசிகர்கள் ரெண்டு கட்சி. நம்மூர்லயும்.

பீளமேட்டுல ஒரு பேக்கரி வாசல். டீ, தேங்காய் பன்னு. நாங்க நாலு பேர். நாலு பேருமே ட்ரெக் கிறுக்கு. ஒருத்தர் பம்ப்செட் பட்டறை வெச்சிருக்கறவர், ஒருத்தர் வாத்தியார், நான், அப்புறம் இன்னொருத்தர். அந்த நாலாவது ஆள் அன்னிக்கு அதிகமாப் பேசலை. டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சிட்டு இருந்தார்.

அன்னிக்கு ரொம்பச் சத்தமாப் பேசுனது யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். "டகே சொல்றதுதான் சரி. புதுசா ஒருத்தனை உருவாக்கிக்க வேண்டியதுதானே? சூலுவைப் புடிச்சுக் கெடுத்துட்டானுக"ன்னு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சேன். அந்த நடிகரே அப்படிப்பட்டவர், அவரே வேண்டாங்கறார், அப்ப நான் சொன்னாத் தப்பு வருமான்னு ஒரு தைரியம். அதனால இந்தப் பதிவு யாரையோ பாத்துக் கல்லெறியறதுக்காக இல்லீங்க. முதல் கல்லு எனக்கேதான்.

அந்த வாதத்தை இப்ப ஒவ்வொண்ணாப் பிரிச்சு மேயலாம்.

வாதம் ஒண்ணு: "ஒரிஜினல்ல அவர் அப்படி இல்லையே!"

இருங்க. ஒரிஜினல்ல அவர் எப்படி இருந்தார்? 79 எபிசோடுல சூலுவுக்குப் பொண்டாட்டி இருந்தாளா? காதலி இருந்தாளா? ஒண்ணும் கிடையாது. ஒரு எபிசோடுல ஏதோ தொத்து வந்து புத்தி பிசகி, சட்டையில்லாம வாளைத் தூக்கிக்கிட்டு ஓடறார், உஹுராவைப் பாத்து வீர வசனம் பேசறார். இன்னொண்ணுல, நம்ம உலகத்துக்குத் தலைகீழான ஒரு உலகத்துல இருக்கற கெட்ட சூலு உஹுராகிட்ட வாலாட்டறான். புத்தி பிசகினதையும் தலைகீழ் உலகத்தையும் வெச்சுத்தான் ஒரு ஆளோட மனசை நாம முடிவு பண்றோமா?

"மக இருக்காளே!"ன்னு அடுத்து வருவாங்க. உண்மை. 1994ல வந்த 'ஜெனரேஷன்ஸ்' படத்துல சூலுவோட மக டெமோரா வர்றா. இதை நானும் பெருசாச் சொன்னவன்தான். கொங்கு நாட்டுல பொறந்து வளர்ந்துட்டு இந்த வாதத்தைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருந்திருக்கோணும். புள்ளை இருந்தா அவன் மனசு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருமாங்க? ஜாதகம் பாத்து, கூட்டம் பாத்து, காடு தோட்டம் பாத்து, அருமைக்காரரைக் கூப்பிட்டுச் சீர் செஞ்சு கல்யாணத்தை முடிச்சு வெச்சு, அடுத்த வருசமே "என்ன கண்ணு, விசேசம் ஒண்ணுமில்லையா?"ன்னு கேக்கற ஊரு இது. இங்க ஒருத்தனுக்குப் புள்ளை இருக்குதுன்னா, அவனைப் பெத்தவங்க விடாக்கண்டங்கன்னு மட்டும்தான் அர்த்தம்.

2023ல மலையாளத்துல ஜியோ பேபி எடுத்த 'காதல் தி கோர்' பாத்தீங்களா? மம்மூட்டி. இருபது வருசம் குடும்பம் நடத்தி, வளர்ந்த மக இருக்கற மனுசன். அவர் மனசு முழுக்க வேற பக்கம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினா அந்த ஊரு. அங்க ஒரு சூப்பர் ஸ்டார் செஞ்சு காட்டினதை நாம இன்னும் "மக இருக்காளே"ன்னு பேசிட்டு இருக்கோம்.

ஆக, "சூலு அப்படி இல்லை"ன்னு தொடர் எங்கயும் சொல்லலை. நாமதான் சொல்லிக்கிட்டோம். ஒண்ணும் சொல்லாத இடத்துலயெல்லாம் நம்ம வசதிக்கு ஒரு விடையை எழுதி வெச்சுக்கிட்டு, அதை அழிக்க வந்தா மட்டும் "ஒரிஜினல், ஒரிஜினல்"னு கத்தறோம்.

வாதம் ரெண்டு: "படைச்சவர் நினைச்சதை மாத்தக் கூடாது."

இதுதான் டகே சொன்னதும். ராடன்பெர்ரி 1991லயே காலமாயிட்டார், அவரைக் கேக்க முடியாது. ஆனா சூலுவை அவர் எவ்வளவு மாத்தினார்னு பாக்கலாம். முதல் சீசனுக்கு முன்னாடி எடுத்த ரெண்டாவது பைலட் படத்துல சூலு ஒரு பௌதிக விஞ்ஞானி. தொடர் ஆரம்பிச்சதும் சுக்கானுக்கு வந்துட்டார். ஒரு எபிசோடுல செடி கொடி வளர்க்கறார். ரெண்டு மூணு எபிசோடு தள்ளி வாள்வீச்சுல இறங்கிட்டார். 'சூலு'ங்கற பேரே பிலிப்பைன்ஸ் பக்கம் இருக்கற கடலோட பேரு. ஒரு நாட்டுக்குன்னு இல்லாம மொத்த ஆசியாவுக்கும் பொதுவா இருக்கட்டும்னு வெச்சது. 'ஹிகாரு'ங்கற முன்பேரு 1981ல வாண்டா மெக்கின்டயர் எழுதின நாவல்ல வந்து, 1991 படத்துலதான் திரைக்கே வந்துச்சு. 2009ல புது வரிசை வந்தப்போ சூலுவா நடிச்ச ஜான் சோ தென்கொரியாவுல, சியோல்ல பிறந்தவர்.

வேலை மாறுச்சு. பொழுதுபோக்கு மாறுச்சு. பேரு பாதி இன்னொருத்தர் வெச்சது. நடிகரோட வம்சாவளியே மாறுச்சு. ஒரு பய வாயத் தொறக்கலை. கட்டிக்கிட்டவர் ஆம்பளைன்னதும் மட்டும் ராடன்பெர்ரியோட ஆவி எல்லார் மேலயும் வந்து இறங்கிருச்சு. ஏனுங்க, இது படைப்பாளி மேல உள்ள மரியாதைதானா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

இந்த இடத்துல நம்ம ஊர்க்கதை ஒண்ணு. 2016 ஜூலை 5, செவ்வாய்க்கிழமை. சென்னை உயர்நீதிமன்றம் 'மாதொருபாகன்' வழக்குல தீர்ப்பு சொல்லுது. பெருமாள்முருகன் 2010ல எழுதின நாவல். திருச்செங்கோட்டுல 2014 கடைசியில எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில "எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்"னு அவரே முகநூல்ல எழுதற நிலைமைக்குக் கொண்டாந்து விட்டது நம்ம ஜனம்தான். பிடிக்கலைன்னா புத்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் போங்க, எழுத்தாளர் திரும்ப வந்து எழுதட்டும்னு தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு சொல்லிச்சு. பேக்கரி வாசல்ல அந்தத் தீர்ப்புக்கு நாங்க நாலு பேரும் கை தட்டினோம். அதே வாரக் கடைசியில, அதே பேக்கரி வாசல்ல, "சூலுவைக் கெடுத்துட்டானுக"ன்னு நான் பேசறேன். நாலு நாள்தான் இடைவெளி. எழுத்தாளனுக்கு உரிமை இருக்குதுங்க, என் ஹீரோ மேல கை வைக்காத வரைக்கும்!

ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. திருச்செங்கோட்டுல ஒரு மனுசனோட பொழப்பு, ஊரு, நிம்மதி எல்லாம் பறிபோச்சு. சூலு விசயத்துல ரசிகருக மொணகினதோட சரி. ஆனா அடியில ஓடற நினைப்பு ஒண்ணுதான். "இது எங்களோடது. இதுக்குள்ள இன்ன மாதிரி ஆளுகளுக்கு இடமில்லை." அங்க கடையடைப்பு நடத்தினாங்க, இங்க டீயைக் குடிச்சுக்கிட்டே சொன்னோம்.

அப்புறம் இன்னொண்ணு. 'மாதொருபாகன்' முடிவு ஒரு பெரிய கேள்வியோட நிக்கும். அதுக்கு அப்புறம் பெருமாள்முருகன் ரெண்டு நாவல் எழுதினார், 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'. ரெண்டுமே அதே கதையோட தொடர்ச்சி. ஒண்ணுல காளி செத்துப்போறான். இன்னொண்ணுல உசுரோட இருக்கான். ரெண்டுல எது நிஜம்னு கேக்க முடியாது, ரெண்டும் நிஜம். ஹாலிவுட்காரன் 'மாற்றுக் காலக்கோடு'ன்னு கிராபிக்ஸ் போட்டுக் காட்டுனதை நம்ம நாமக்கல் மாவட்டத்துக்காரர் பேனாவுலயே செஞ்சுட்டார்.

அதுக்கும் முன்னாடி போங்க. அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர். உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியாப் பாடற கதை. பிரெண்டா பெக்னு ஒரு அம்மா 1965ல காங்கேயம் பக்கம் வந்து கிராமத்துல தங்கி இதை முழுசாப் பதிவு பண்ணினாங்க. அப்புறம் பல வடிவங்களை ஒப்பிட்டு 1982ல 'தி த்ரீ ட்வின்ஸ்'னு புத்தகமே போட்டாங்க. பாடறவருக்குப் பாடறவர் கதை மாறும். கலைஞர் அதை நாவலா எழுதினார், அதுல ஒரு மாதிரி. 2011ல பிரசாந்தை வெச்சுப் படமா எடுத்தாங்க, அது வேற மாதிரி. நம்ம சாமிக கதையவே ஆளுக்கொரு மாதிரி பாடிக் கேட்டு வளர்ந்த நமக்கு, அமெரிக்காக்காரன் சூலு மட்டும் அறுபத்தாறுல வார்த்த அச்சு மாறாம இருக்கோணுமாக்கும்.

(திருச்செங்கோட்டு மலை மேல மூலவரே பாதி ஆம்பளை பாதி பொம்பளைதான். அதை வெச்சு "நம்ம முன்னோர் அப்பவே எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்க"ன்னு நான் உருட்ட மாட்டேன். ஏத்துக்கிட்டிருந்தா இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. கும்பிடறது வேற, வீட்டுக்குள்ள விடறது வேற, நமக்குத் தெரியாததா?)

வாதம் மூணு: "புதுசா ஒரு பாத்திரம் உருவாக்கிக்கலாமே?"

இதுதான் கொஞ்சம் நியாயமான வாதம். டகே சொன்னதுல ஒரு நடிகரோட வலியும் இருக்கு. நான் வேற, நான் நடிச்ச ஆளு வேற. நான் என் நிஜ வாழ்க்கையை மறைச்சுக்கிட்டு ஒரு பாத்திரத்தை நடிச்சேன், அந்த உழைப்பு மேல என் சொந்தக் கதையை எடுத்து ஒட்டறீங்களேன்னு அவர் நினைச்சா அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஜான் சோவுக்கே தயக்கம் இருந்துச்சு. டகே எப்படி எடுத்துக்குவார்னு கவலைப்பட்டார். ஆசிய ஆம்பளைகளை ஆம்பளையாவே காட்டாத ஹாலிவுட் வழக்கத்தோட இதையும் சேர்த்துப் பாத்துருவாங்களோன்னும் கவலைப்பட்டார். அதனாலதான் கணவராவும் ஒரு ஆசியரையே போடுங்கன்னு கேட்டு வாங்கினார். கதை எழுதின டக் ஜங்கே அந்தக் கணவரா வந்து நின்னார். இதெல்லாம் யோசிச்சுப் பேசற ஆளுங்க. இவங்களோட நான் சண்டைக்கு வரலை.

நான் சண்டைக்கு வர்றது டகேயோட முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டவங்களோட. அதாவது, 2016 ஜூலையில இருந்த என்னோட.

ஏன்னா, புதுசா உருவாக்கினாங்களே! அடுத்த வருசம், 2017ல, 'ஸ்டார் ட்ரெக் டிஸ்கவரி' தொடர் வந்துச்சு. அதுல ஸ்டாமெட்ஸ்னு ஒரு விஞ்ஞானி, கல்பர்னு ஒரு டாக்டர். கணவன் கணவன். முழுக்கப் புதுப் பாத்திரங்கள். எந்தப் பழைய ஹீரோ மேலயும் கை வைக்கலை. டகே கேட்ட மாதிரியே அச்சு அசலா. அப்ப "புதுசா உருவாக்கு"ன்னவங்க எல்லாம் சந்தோசமா உக்காந்து பாத்தாங்களா? எங்க பேக்கரியில என்ன சொன்னோம் தெரியுமுங்களா? "எதுக்கு இதையெல்லாம் வலியக் கொண்டாந்து திணிக்கறானுக?"

பழைய ஆளை மாத்தினா ‘கெடுக்கறான்'. புது ஆளைக் கொண்டாந்தா 'திணிக்கறான்'. அப்ப அவங்க எந்தக் கதவு வழியாத்தான் உள்ள வர்றது? வரவே வேண்டாம்னு சொல்றதுக்குத் தைரியமில்லாம, எந்தக் கதவுக்குப் போனாலும் "அடுத்த கதவுக்குப் போ"ங்கறோம்.

நம்ம தமிழ் சினிமாவுல புதுசா உருவாக்கினதுக யோக்கியதையையும் பாருங்க. 2006ல 'வேட்டையாடு விளையாடு'. ரெண்டு கொடூரக் கொலைகாரங்க. அவனுகளைப் பாத்து ஹீரோ கேக்கற கேள்வி என்னன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். தியேட்டர்ல விசில் பறந்துச்சு. நானும் அடிச்சேன். 2015ல 'ஐ'. திருநங்கை பாத்திரத்தைக் கேவலப்படுத்திட்டாங்கன்னு திருநங்கைகள் ரோட்டுக்கு வந்து போராடினாங்க. நமக்குப் 'புதுப் பாத்திரம்'னா வில்லன் இல்லைன்னா காமெடி. 2019ல 'சூப்பர் டீலக்ஸ்' ஷில்பா மாதிரி எப்பவாச்சும் ஒண்ணு வரும், அதுலயும் ஆயிரம் சர்ச்சை.

அதனாலதான் பெக் சொன்னது சரின்னு இப்ப தோணுது. சூலுகிட்ட நாம ஏற்கெனவே பாசத்தைக் கொட்டி வெச்சிருக்கோம். அந்த ஆளு கணவரோட தோள்ல கை போட்டு நடந்தா, "ஓஹோ, நமக்குப் பிடிச்ச ஆளும் இப்படி இருக்கலாம்போல"ன்னு ஒரு நிமிசம் நிக்கத்தான் வேணும். அந்த ஒரு நிமிசம்தான் நமக்குப் பொறுக்கலை.

இந்த விசயத்துல பேருக்கு எவ்வளவு சக்தின்னு பாக்கணும்னா 'ஃபயர்' படத்தை நினைச்சுப் பாருங்க. தீபா மேத்தா எடுத்தது, 1998ல இங்க ரிலீஸ். ரெண்டு பொண்ணுங்களோட காதல். மும்பை, டெல்லித் தியேட்டர்களை அடிச்சு நொறுக்கினாங்க. அந்தப் பொண்ணுங்க பேரு ராதா, சீதா. இந்திப் பதிப்புல 'சீதா'வை 'நீதா'ன்னு மாத்தினாங்க. சீதாங்கற பேரு மட்டும் உள்ள வரக் கூடாதாம். நாம நேசிக்கற பேரைத் தொட்டாத்தான் சுடும்.

நம்மளுக்குச் சுடற பேரு எது? சொல்றேன், அடிக்க வராதீங்க. சூலுவை விடுங்க. கணேஷ்? நம்ம வாத்தியார் சுஜாதாவோட லாயர் கணேஷ். கல்யாணமே ஆகாத ஆளு. எத்தனை நாவல்! 1978ல 'ப்ரியா' படத்துல ரஜினியே கணேஷா வந்தார். வசந்த் பொண்ணுங்களைப் பாத்து ஜொள்ளு விடறப்ப எல்லாம் கணேஷ் ஒரு ஓரமா, அமைதியா. நாளைக்கு ஒரு புது எழுத்தாளர் வந்து, கணேஷுக்கு ஒரு துணைவர் இருந்தார், அந்தக் காலத்துச் சட்டத்துக்குப் பயந்து சொல்லாம இருந்துட்டார்னு கதை எழுதினா?

எழுதறப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சுருக். உங்களுக்கும் வந்திருக்கும். மறைக்க வேண்டாம். அந்தச் சுருக் எங்கிருந்து வருதுன்னு ரெண்டு நிமிசம் உக்காந்து பாருங்க. கணேஷோட மூளை குறைஞ்சிருமா? கோர்ட்ல தோத்துருவாரா? வசந்த் அவரை விட்டுட்டுப் போயிருவானா? ஒண்ணும் ஆகாது. ஆனாலும் ஏதோ 'கெட்டுப் போச்சு'ங்கற ஒரு எண்ணம். அந்த வார்த்தைதாங்க மேட்டர். கெட்டுப் போச்சு.

அந்த வார்த்தைக்குத்தான் வர்றேன்.

2018 செப்டம்பர் 6. உச்ச நீதிமன்றம் 377ஆவது பிரிவுல இருந்து, வயசு வந்தவங்க மனசொத்துச் சேர்றதை வெளியே எடுத்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும், நாங்க சூலுவைப் பத்தி அடிச்சுக்கிட்ட அந்த 2016லயும், சட்டம் என்னன்னா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். 2009ல டெல்லி உயர்நீதிமன்றம் எடுத்த கத்தியை 2013 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் திரும்பக் கழுத்துல வெச்சிருந்த நேரம் அது. படத்துல சூலு குடும்பத்தோட நடந்து போறது நமக்கு சயின்ஸ் ஃபிக்ஷன். இங்க அது கிரிமினல் கேஸ்.

தீர்ப்பு வந்து பத்து நாள் இருக்கும். அந்த நாலாவது நண்பர், டீயை ஆத்தி ஆத்திக் குடிச்சவர், என்னை வண்டியில கூட்டிட்டுப் போய் வாலாங்குளத்துக் கரையில நிறுத்தினார். சொன்னார். ஆறு வருசமா வர்ற ஜாதகத்தையெல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழிச்சதுக்கு அர்த்தம் சொன்னார். (அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். ஆளைக் கண்டுபிடிக்கற விவரம் எதுவும் இங்க இல்லை, தேடாதீங்க.)

எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. "அப்பவே சொல்லியிருக்கலாமுல்ல"ன்னு கேட்டேன். கேட்டதும் முட்டாள்தனம்தான்.

"சொல்லலாம்னுதானுங்க அன்னிக்குப் பேக்கரிக்கு வந்தேன். சூலு பேச்சு வந்துச்சு, நல்ல சந்தர்ப்பம்னு நெனச்சேன். நீங்கதான் 'கெடுத்துட்டானுக'ன்னீங்க. சரின்னு டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

கோவமாச் சொல்லலை. அதுதான் ரொம்பச் சங்கடமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் படத்தைப் பத்தி அவரே பேசினார். அந்தக் காட்சி சில விநாடிதான். கப்பல் யார்க்டவுன்னு ஒரு விண்வெளி நகரத்துக்கு வந்து சேருது. சூலு இறங்கி வர்றார். கணவர் குழந்தையோட நிக்கறார். சூலு குழந்தையைத் தூக்கிக்கிட்டு, அவர்மேல கை போட்டு நடக்கறார். முடிஞ்சுது. ஒரு முத்தம் எடுத்து அதையும் வெட்டிட்டாங்கன்னு ஜான் சோவே சொன்னார். தைரியம்னு மார் தட்டினவங்களோட தைரியம் அவ்வளவுதான், அதையும் சொல்லியாகணும். ஆனா நண்பர் அதைப் பேசலை. "அத்தன ஜனம் நடமாடற எடத்துல ஒருத்தரும் நின்னு மொறச்சுப் பாக்கலை, கவனிச்சீங்களா?"ன்னார். நான் கவனிச்சிருக்கலை. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற ஆளைக் கூட்டிட்டுப் போக வீட்டாளுங்க வந்து நிக்கறதை, மூணு தடவை அந்தப் படத்தைப் பாத்தும் நான் கவனிக்கலை. 'கெடுத்ததை' மட்டும்தான் கவனிச்சிருந்தேன்.

அதனாலதான் சொல்றேன், "எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனா"ங்கற வாக்கியத்தை இனிமே யோசிச்சுப் பேசுவோம். நாம பேசறது கற்பனைப் பாத்திரத்தைப் பத்தின்னு நாம நெனச்சுக்கறோம். பக்கத்துல டீ குடிக்கறவர் அதைத் தன்னைப் பத்தின்னு சரியாப் புரிஞ்சுக்கறார்.

"அதான் சட்டம் மாறிப்போச்சே, இன்னும் ஏன் பேசணும்?"னு கேட்டா, முழுசா மாறலை. 2021 ஜூன்ல நம்ம சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவங்களை 'குணப்படுத்தறேன்'னு பண்ற வைத்தியத்துக்குத் தடை சொன்னார். 2025 மே மாசம் அதே உயர்நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்லைன்னு சொல்லிச்சு. ஆனா 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமையைக் கொடுக்க மறுத்ததுதான் இன்னிக்கும் நிலைமை. சூலு அந்தக் கணவரோட கோயமுத்தூர்ல வந்து இறங்கினா, சட்டப்படி ரெண்டு பேரும் ரூம்மேட்டுங்க.

கோர்ட்டு பண்ண வேண்டியதை கோர்ட்டு பண்ணட்டும். பேக்கரி வாசல்ல பண்ண வேண்டியது நம்ம வேலை. பம்ப்செட் நண்பர் இன்னும் "சூலுவை மாத்தினது தப்புதானுங்க"ன்னுதான் சொல்றார். சொல்லட்டும், ரசனை அவரவர் உரிமை. ஆனா 'கெடுத்துட்டானுக'ன்னு சொல்றதை விட்டுட்டார். அந்த நாலாவது நண்பர் தானே அவர்கிட்டயும் சொல்லிட்டார். சொன்ன அன்னிக்கு ரெண்டு நாள் பேச்சில்லாம இருந்தவர், மூணாம் நாள் போன் பண்ணி, "வாங்க, டீ குடிக்கப் போலாம்"னாராம்.

டிஸ்கி 1: கணேஷ் மேட்டருக்கு என்னை அடிக்க வர்றவங்க வரிசையில வரவும். முதல் ஆளா எங்க வாத்தியார் நண்பர் ஏற்கெனவே நிக்கறார்.

டிஸ்கி 2: சூலுவா யார் நடிச்சது பெஸ்ட்டுன்னு கேட்டா, இன்னிக்கும் ஜார்ஜ் டகேதான். அவரோட இந்த ஒரு விசயத்துல ஒத்துப்போகலைங்கறதுக்காக அதை மாத்திக்க முடியாதுங்க.